மீனைக் கவ்விக்கொண்டு போன ஆலா

வள்ளத்தில் லூர்து அண்ணன் இருந்தார். வள்ளம் அவருடையது, சுக்கானும் அவர் கையில். முருகேசன் இருந்தான். பனங்காட்டு ஊர்க்காரன். திருச்செந்தூர் முருகனுக்கு மாலை போடுகிறவன். பத்து வருடமாக எங்களோடு கடலுக்கு வருகிறான். கில்பர்ட் இருந்தான். என் மனைவி ரோஸ்லினின் தம்பி. பிறகு நான். வேறு யாரும் இல்லை. சுற்றிலும் தண்ணீர்.

கில்பர்ட்டின் தொடையில் திருக்கை முள் ஏறியிருந்தது.

இதை எங்கள் தெரு ஜெபக் கூட்டமான அன்பியத்தில் சொன்னேன். எழுதிக் கொடு, மற்றவர்களும் வாசிக்கட்டும் என்று எங்கள் கோவில் பங்குச்சாமி சொன்னார். எழுதுகிறேன்.

மூன்று வருடம் ஆகிறது. மே மாதம், மாதாவின் வணக்க மாதம். வேம்பாருக்குத் தெற்கே எங்கள் ஊர். அன்று புது வலை. புது வலையில் விழும் முதல் மீன் மாதாவுக்கு என்பது எங்கள் தெருவில் வழக்கம். அதை அடிக்கக்கூடாது. வெட்டக்கூடாது. முழுதாகக் கொண்டுபோய்க் கோவில் வாசலில் ஏலம் விடுவோம்.

அன்று முதலில் விழுந்தது திருக்கை. பெரியது. மற்ற நாளில் திருக்கை ஏறினால் முதல் வேலை வாலை மிதித்து முள்ளை வெட்டுவதுதான். முருகேசன் கத்தியை எடுத்துவிட்டான்.

“ஏலே, கைய வைக்காத. மாதாவுக்குள்ள மீனு” என்றான் கில்பர்ட்.

“உங்க மாதா இந்த வால வச்சு என்னலே செய்யப் போறாவ?”

எல்லோரும் சிரித்தோம். கில்பர்ட்டும் சிரித்துக்கொண்டேதான் அதை வலையிலிருந்து பிரித்தான். வால் ஒரு முறை வீசியது.

அவன் கத்தவில்லை. உட்கார்ந்துவிட்டான். தொடையைப் பார்த்தான். முள் பாதி உள்ளே ஏறி ஒடிந்து நின்றது. ரத்தம் பலகையில் ஓடியது. நான் முள்ளில் கை வைத்தேன்.

“புடுங்காத!” என்று லூர்து அண்ணன் கத்தினார். “ரம்பம் மாதிரி பல்லு இருக்கும். சதையோட பேத்துக்கிட்டு வரும். மேல இறுக்கிக் கட்டு.”

என் இடுப்பில் இருந்த சாரத்தைக் கிழித்துக் கட்டினேன். முருகேசன் கட்டையை எடுத்து மீனை அடிக்கப் போனான்.

“அடிக்காதலே. நேந்தது” என்றான் கில்பர்ட். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்.

லூர்து அண்ணன் துடுப்பால் அதைத் தள்ளிக் கடலில் விட்டார். வலையை அறுத்துப் போட்டோம். புது வலை. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மாதாவுக்கென்று வைத்த மீன்தான் அவனைக் குத்தியது. அந்த நேரம் எனக்கு ஜெபம் வரவில்லை. கோபம்தான் வந்தது. உள்ளதைச் சொல்கிறேன்.

கரைக்குத் திருப்பினோம். மதியம் தாண்டியிருந்தது. பாதி தூரம்கூட வந்திருக்க மாட்டோம். கோடை மழை பிடித்துவிட்டது.

கடலில் கோடை மழையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வானம் அப்படியே கீழே இறங்கும். காற்று ஒரு பக்கமிருந்து வராது. மேற்கே அடிக்கும், தெற்கே அடிக்கும், சுற்றி வந்து முகத்தில் அடிக்கும். ஒரு அலை உள்ளே ஏறியது. வழி காட்டும் ஜிபிஎஸ் கருவி அந்தத் தண்ணீரில் போனது. போன்களும் நனைந்து செத்தன. நான் கில்பர்ட்டின் மேல் படுத்து அவனைப் பிடித்துக்கொண்டேன். முருகேசன் தண்ணீரை இறைத்தான். இறைத்த தண்ணீர் சிவப்பாகப் போனது.

மழை விட்டது. காற்றும் நின்றது. அதுதான் மோசம். காற்று அடித்தால் திசை தெரியும். சூரியன் தெரிந்தால் திசை தெரியும். இரண்டும் இல்லை. வானமும் கடலும் ஒரே சாம்பல் நிறம். அலை நாலு பக்கமும் கலைந்து கிடந்தது. மற்ற நாளில் மழை விட்டால் மேற்கே மலைகூட நீலமாக எழும்பி நிற்கும். அன்று வள்ளத்தின் முனையைத் தாண்டிக் கொஞ்ச தூரம்தான் தெரிந்தது.

லூர்து அண்ணன் இன்ஜினை நிறுத்திவிட்டு நின்றார். அவர் திசை தெரியாமல் நின்று நான் பார்த்ததில்லை.

முருகேசன் எண்ணெய்க் கேனைத் தூக்கி ஆட்டிப் பார்த்தான். “ஒரு பக்கம் போவலாம். தப்பாப் போனா திரும்ப இல்ல.”

“அத்தான், குளுருது” என்றான் கில்பர்ட். வைகாசி மாதம். அவன் உதடு வெளுத்திருந்தது.

முத்துக் குளித்த காலத்தில், கடலுக்குள் இறங்குகிறவன் தன் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பானாம். அக்காள் தாலி அறுபட எந்தத் தம்பியும் விடமாட்டான் என்று. அன்று எனக்கு அது தலைகீழாக நின்றது. ரோஸ்லினுக்குக் கூடப்பிறந்தவன் இவன் ஒருவன்தான். தாய் தகப்பன் இல்லை. அவள்தான் வளர்த்தாள். புது வலை என்று காலையில் அவனைக் கூப்பிட்டுப் போனது நான்.

முருகேசன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“நான் திருச்செந்தூரானக் கூப்பிடுதேன். நீ உங்க மாதாவக் கூப்பிடு. யாரு மொதல்ல வந்தாலும் வள்ளத்துல எடம் இருக்கு.”

கில்பர்ட் கண்ணை மூடிக்கொண்டே, “குத்திட்டுப் போன மீன மட்டும் கூப்பிடாதலே” என்றான்.

அதற்குப் பிறகுதான் எனக்கு வாய் திறந்தது. மங்கள வார்த்தை ஜெபம் பாதியில் மறந்துபோனது. மூன்று முறை தொடங்கினேன், மூன்று முறையும் நின்றது. கடைசியில் என் சொந்த வார்த்தையில் கேட்டேன். அம்மா, எங்களுக்குத் திசை தெரியவில்லை. ஏதாவது ஒன்றைக் காட்டு. சின்னதாக இருந்தாலும் போதும். அவ்வளவுதான் கேட்டேன்.

கொஞ்ச நேரத்தில் ஆலாச் சத்தம் கேட்டது.

ஆலா என்பது வெள்ளைக் கடற்பறவை. கை அகலம்தான் உடம்பு. மீன் கூட்டம் மேலே வந்தால் தலைகீழாக விழுந்து பிடிக்கும். மழைக்குப் பிறகு நெத்திலி மேலே எழும்பியிருக்க வேண்டும். கூட்டமாக விழுந்துகொண்டிருந்தன.

லூர்து அண்ணன் உடனே இன்ஜினைப் போட்டார். “ஆலா விழுது. அது நம்ம பார்மேலதான் விழும். அங்க போனா எனக்குக் கரை தெரிஞ்சிரும்.”

பார் என்றால் கடலுக்கடியில் இருக்கும் பாறைத்திட்டு. ஆலா விழுகிற இடத்துக்கு ஓடுவது எங்கள் ரத்தத்தில் ஊறியது. யோசிக்கவே மாட்டோம். நானும் யோசிக்கவில்லை. ஓடினோம். லூர்து அண்ணன் ஈயக்குண்டைக் கயிற்றில் கட்டி இறக்கினார். கயிறு முழுதும் போயிற்று. பார் இல்லை. ஆழம். மீன் போகிற பக்கமெல்லாம் பறவையும் போகும் என்பது எங்களுக்குத் தெரியாததா? தெரியும். ஆனாலும் போனோம். எண்ணெய் வீணானது.

அவர் சுக்கானை விட்டுவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். “மாதாவே” என்றார்.

நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். வேறு செய்ய ஒன்றும் இல்லை, அதனால் பார்த்தேன்.

ஒரு ஆலா விழுந்து எழும்பியது. மீனை விழுங்கவில்லை. அலகில் குறுக்கே கவ்விக்கொண்டு கூட்டத்தை விட்டு நேராகப் போனது. தண்ணீரை ஒட்டித் தாழ்வாக. பிறகு இன்னொன்று. அதன் வாயிலும் மீன். அதே பக்கம்.

ரோஸ்லின் உப்பளத்தில் வேலை செய்கிறவள். வைகாசியில் உப்பள வரப்பில் ஆலா முட்டை வைக்கும். கூடு கட்டாது. வெறும் மண்ணில் சின்னக் குழி, அவ்வளவுதான். அவளுக்குச் சோறு கொண்டுபோகும்போது நான் தலையில் கொத்து வாங்கியிருக்கிறேன். குஞ்சுக்கு வாயில் மீனோடு வந்து இறங்குவதை அங்கேதான் பார்த்திருக்கிறேன்.

“அண்ணே, முழுங்காமப் போவுது. குஞ்சுக்குக் கொண்டு போவுது. அங்கன நெலம் இருக்கு.”

அவர் பார்த்தார். “அது கெழக்குலே. எனக்குக் கெழக்குன்னு தோணுது. அங்க போனா நடுக்கடல்.”

“நடுக்கடல்ல குஞ்சு இருக்குமா அண்ணே?”

“தீவுக்குப் போவுதோ என்னமோ.”

“தீவுன்னாலும் சரி. தீவுலருந்து நம்ம ஊரு தெரியும்லா.”

அவர் கில்பர்ட்டைப் பார்த்தார். அவன் கண் திறக்கவில்லை. பிறகு என்னைப் பார்த்தார்.

“இவன் ஒன் மச்சினன். நீ சொல்லு. தப்பாப் போச்சுன்னா ஒன் பொண்டாட்டிக்கு நீதான் பதில் சொல்லணும்.”

எழும்பி இடம் விட்டார். சுக்கானை நான் பிடித்தேன்.

அந்த நேரத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. பறவை வேகமாகப் போகும். வள்ளம் போகாது. ஒன்று கண்ணை விட்டு மறையும். அடுத்தது வருகிற வரைக்கும் ஒன்றும் இருக்காது, சாம்பல் நிறம்தான். முருகேசன் முன்னால் நின்று பின்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்று தலைக்கு மேலே வந்தால் “வருது, வருது” என்பான். நான் அதன் பின்னால் வள்ளத்தைத் திருப்புவேன். ஒரு முறை வெகுநேரம் எதுவும் வரவில்லை. இன்ஜின் இருமியது. லூர்து அண்ணன் கில்பர்ட்டின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, “பேசுலே, ஏதாவது பேசு” என்று கன்னத்தில் தட்டினார். அவன் பேசவில்லை. வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. இருட்டினால் பறவை தெரியாது. அம்மா, இன்னும் ஒன்று. இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன். இன்னும் ஒன்று அனுப்பு.

“வருது!” என்றான் முருகேசன்.

வெள்ளிக் கம்பி மாதிரி ஒரு மீன் அதன் வாயில் தொங்கியது. எங்கள் தலையை உரசுகிற மாதிரிப் போனது.

அதன் பின்னால் போனபோது இன்ஜின் நின்றுவிட்டது. எண்ணெய் தீர்ந்தது. துடுப்பை எடுத்தோம். நாலு தள்ளுதான் தள்ளியிருப்போம். துடுப்பு மண்ணில் குத்தியது. முன்னால் வெள்ளையாக எதுவோ தெரிந்தது. உப்புக் குவியல். அண்ணன் கிழக்கு என்று நினைத்தது மேற்கு, எங்கள் கரை.

அது ரோஸ்லின் வேலை செய்யும் உப்பளம் இல்லை, வேறொன்று. மழை பெய்ததால்தான் அங்கே ஆள் இருந்தது. மற்ற நாளில் அந்த நேரம் யாரும் இருக்க மாட்டார்கள். மறுபடி மழை வந்தால் குவித்த உப்பு கரையாமல் இருக்கப் பெண்கள் ஓடிவந்து தார்ப்பாய் மூடிக்கொண்டிருந்தார்கள். முருகேசன் இடுப்பளவுத் தண்ணீரில் குதித்துக் கத்திக்கொண்டு ஓடினான்.

“ஏளா, உப்பு கெடந்து கரையட்டும், அந்தத் தார்ப்பாய எடு! ஆளத் தூக்கணும்!” என்று ஒரு அம்மா கத்தினாள். அவள் பெயரை நான் பிறகுதான் கேட்டேன். பேச்சியம்மாள். அந்தத் தார்ப்பாயிலேயே அவனைக் கிடத்தி ஆறு பெண்கள் வரப்பு வழியாகத் தூக்கிப் போனார்கள். ஆலாக்கள் அவர்கள் தலையைக் கொத்தின. அவர்கள் குனிந்துகொண்டே ஓடினார்கள். உப்பு ஏற்ற வந்த லோடு ஆட்டோ ரோட்டில் நின்றது.

தூத்துக்குடி பெரிய ஆஸ்பத்திரியில் அன்று இரவே முள்ளை எடுத்தார்கள். ரத்தம் ஏற்றினார்கள். ரோஸ்லின் வந்தாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. தம்பியின் கால் பெருவிரலைப் பிடித்துக்கொண்டு விடியும்வரை நின்றாள். காலையில் அவன் கண் திறந்து, “அக்கா, பசிக்கி” என்றான். அப்போதுதான் உட்கார்ந்தாள்.

அவன் கொஞ்சம் தாங்கித் தாங்கி நடக்கிறான். கடலுக்கு வருகிறான். வாலை வெட்டாமல் விட்டதைப் பங்குச்சாமியிடம் சொன்னோம். “மாதாவுக்கு மீன் போதும், முள் வேண்டாம்” என்றார். இப்போது முதல் மீன் திருக்கை என்றால் முள்ளை வெட்டிவிட்டுத்தான் நேர்ந்துகொள்கிறோம். முருகேசன்தான் வெட்டுகிறான். “அன்னைக்கே சொன்னம்லா” என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறான்.

அந்த மாதம் முடிந்ததும் நாங்கள் திருப்பூருக்குப் போவதாக இருந்தது. பனியன் கம்பெனியில் இடம் பார்த்து வைத்திருந்தோம். உப்பும் வெயிலும் போதும் என்று எனக்கு இருந்தது. இந்தக் கரையில் என்ன இருக்கிறது என்று கேட்டவன் நான்.

நாங்கள் போகவில்லை.

என்ன இருக்கிறது என்று இப்போது பார்க்கிறேன். கடலில் நின்றால் மேற்கே எங்கள் கரை, அதற்குப் பின்னால் பனங்காடு, காற்று தெளிந்த நாளில் அதற்கும் பின்னால் மலை. நீருக்கடியில் பார், பாரின் மேல் பாசி, பாசி மேய வரும் ஆவுளியா. அதைக் கடற்பசு என்பார்கள். மார்கழியில் உப்பளத்தில் பூநாரை கூட்டமாக நிற்கும். ஓங்கில், அதாவது டால்பின், வள்ளத்துக்குப் பக்கத்தில் துள்ளிக்கொண்டு வரும். இதெல்லாம் சின்ன வயதிலிருந்து என் கண் முன்னால் இருந்தது. ஆண்டவர் என்னை இதற்கு நடுவில் வைத்திருந்தார். ஒரு நாளும் நன்றி சொன்னதில்லை. இப்போது தினமும் வள்ளம் தள்ளும் முன் கரையில் நின்று சொல்கிறேன். பெரிய ஜெபம் கிடையாது. இங்கே வைத்ததற்கு நன்றி. அவ்வளவுதான்.

உங்களில் யாருக்காவது திசை தெரியாமல் இருக்கலாம். ஜெபம் பாதியில் மறந்துபோகலாம். மறந்தால் உங்கள் வார்த்தையில் கேளுங்கள். கோபம் இருந்தால் கோபத்தோடே கேளுங்கள். கேட்டுவிட்டுத் தலையைத் தூக்கிப் பாருங்கள். அம்மா கைவிட மாட்டாள். எனக்கு அவள் அனுப்பியது கை அகலப் பறவை.

வைகாசி வந்தால் நானும் ரோஸ்லினும் அந்த உப்பளத்துக்குப் போகிறோம். முதலாளியிடம் கேட்டுக்கொண்டோம். ஆலா முட்டை வைக்கும் வரப்பைச் சுற்றிக் குச்சி நட்டுப் பழைய வலையைக் கட்டுகிறோம். நாய் ஏறாது. வண்டி ஏறாது. பேச்சியம்மாளும் மற்ற பெண்களும் அந்த வரப்பை விட்டுச் சுற்றி நடக்கிறார்கள். கட்டி முடித்ததும் ரோஸ்லின் வெளியே நின்று முட்டைக் குழிகளை எண்ணுவாள்.

இந்த வருடம் நாற்பத்தொன்று.