அசரியாவின் காதும் பழைய வேக்குவம்களும்

புதுக் குடியிருப்புகளில் சாவி கொடுப்பதற்கு முந்தைய வாரம்தான் அசரியாவுக்கு வேலை வரும். ஊரப்பாக்கம், வண்டலூர், கூடுவாஞ்சேரி என்று எங்கே கட்டடம் முடிந்தாலும், தச்சரும் பெயின்டரும் கிளம்பிய பிறகு அவரும் மைத்துனன் சாலமனும் ‘குட்டி யானை’ மினி லாரியில் போய் இறங்குவார்கள். வண்டியில் இரண்டு இரும்பு வேக்குவம் கிளீனர்கள் இருக்கும். ஜன்னல் சட்டத்தின் பள்ளத்திலும் அலமாரி மூலையிலும் படிந்த சிமென்ட் தூளையும், டைல்ஸ் அறுத்த பொடியையும் உறிஞ்சி எடுத்து, துடைத்து, வீட்டைப் பளிச்சென்று ஒப்படைப்பார்கள். இரண்டு ஆட்கள் சேர்ந்து தூக்க வேண்டிய இயந்திரங்கள் அவை. லிஃப்ட் ஓடத் தொடங்காத கட்டடங்களில் படிப்படியாக ஏற்ற வேண்டும். அசரியாவுக்கு வயது ஐம்பத்தெட்டு.

அந்த வேக்குவம்களை இன்று எந்தக் கடையிலும் வாங்க முடியாது. முதல் இயந்திரம் ஒரு ஹோட்டலிலிருந்து வந்தது. விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்த ஹோட்டலில் அசரியா இளவயதில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்த்தார். ஹோட்டல் கைமாறியபோது, புதிதாக வந்தவர்கள் பழைய சாமான்களையெல்லாம் கழித்துக்கட்டினார்கள். காயலான் கடைக்குப் போகவிருந்த ஒன்றை அவர் கேட்டு வாங்கி, மின்சார ரயிலில் சரக்கு ஏற்றும் வெண்டர் பெட்டியில் ஏற்றித் தாம்பரம் கொண்டுவந்து சேர்த்தார். அதற்குப் பிறகு அந்தப் பழக்கம் விடவில்லை. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போனால் அவர் கண் தானாகவே அவற்றைத் தேடும். மூடிப்போன மில்லில் ஓடியது, சினிமா தியேட்டரின் கம்பளத்தைப் பெருக்கியது, எங்கோ ஒரு நர்சிங் ஹோமில் கிடந்தது என்று ஒவ்வொன்றாக வந்தன. வந்த இடத்தின் பெயரே அவற்றுக்குப் பெயர் ஆனது. “இன்னிக்கு மில்லை எடுத்துக்கோ, தியேட்டர் இருக்கட்டும்” என்பார் சாலமனிடம். எதிலும் பிளாஸ்டிக் கிடையாது. மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்தால் மாற்றலாம், துணிப் பையை உதறினால் போதும். மறுபடி ஓடும்.

முடிச்சூர் வீட்டின் பின்னறை முழுக்க அவைதான். வெள்ளம் வந்த வருஷம் அவற்றை மொட்டை மாடியில் ஏற்றிவிட்டுத்தான் டிவியைப் பற்றியே அவர் யோசித்தார் என்று மனைவி தபீதாள் இன்றும் சொல்வார். தபீதாள் நர்சரிப் பள்ளி ஆசிரியை. வாரம் முழுக்கப் பிள்ளைகளின் இரைச்சல் கேட்டு வருகிறவருக்கு வீட்டிலாவது அமைதி வேண்டும். ஆனால் சனிக்கிழமை காலையில் ஏதாவது ஒரு மோட்டாரைக் கழற்றிப் பூட்டி ஓட்டிப் பார்ப்பது அசரியாவின் வழக்கம். மாலையில் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கோயிலில் பாடகர் குழு பயிற்சிக்குக் கிளம்பிவிடுவார். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவர் அங்கே பேஸ் என்கிற கீழ்க்குரலைப் பாடிவந்தார். பெரிய வித்வான் இல்லை. ஆனால் அடிக்குரல் ஆடாமல் நிற்கும். மற்றவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு பாடுவார்கள்.

கோளாறு எப்போது தொடங்கியது என்று யாருக்கும் தெரியாது. முதலில் குக்கர் விசில் அவருக்குக் கேட்காமல் போயிற்று. அப்புறம் போன் மணி. எதைச் சொன்னாலும் “இன்னா?” என்று திருப்பிக் கேட்டார். வேண்டுமென்றே கவனிக்காமல் இருக்கிறார் என்றுதான் தபீதாள் நினைத்தார், அதற்காகச் சண்டையும் போட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் படுத்திருந்தவர் எழுந்து பின்னறைக்குப் போய், ஒவ்வொரு இயந்திரமாகக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். தபீதாள் வாசலில் வந்து நின்றார்.

“என்னங்க தேடுறீங்க?”

“எதுவோ ஓடிக்கினு கீது.”

“எல்லாம் ஆஃப்லதாங்க இருக்கு. ஒயரே மாட்டல.”

அவர் தியேட்டர் இயந்திரத்தின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். குளிர்ந்திருந்தது. திரும்ப வந்து படுத்தார். சத்தம் அவருடைய காதுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தது. அதை அணைக்க வழி தெரியவில்லை.

மருமகன் ஷெர்வின்தான் முதலில் விஷயத்தைப் பிடித்தான். மறைமலை நகரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் அவனுக்கு வேலை. மகள் சுஜியும் அவனும் அங்கேயே ஒரு ஃப்ளாட் வாங்கினார்கள். குடியேறுவதற்கு முன்னால் அசரியா தாமே சுத்தம் செய்து தருவதாகச் சொல்லி, மில் இயந்திரத்தோடு போனார். சாப்பாடு கொண்டுவந்த ஷெர்வின் பின்னால் நின்று பலமுறை கூப்பிட்டும் அவர் திரும்பவில்லை. தோளில் கை வைத்ததும்தான் திடுக்கிட்டு இயந்திரத்தை அணைத்தார்.

“மாமா, இவ்வளவு சத்தம் இருந்தா எங்க ஃபேக்டரில காதை மூடுற மஃப் போடாம உள்ளயே விட மாட்டாங்க. நீங்க எத்தனை வருஷமா இப்படியே ஓட்டுறீங்க?” என்று கேட்டான்.

அசரியா விரல் விட்டு எண்ணத் தொடங்கி நடுவில் விட்டுவிட்டார். ஹோட்டலில் யாரும் அப்படி எதுவும் கொடுத்ததில்லை. கேட்க வேண்டும் என்று அவருக்கும் தோன்றியதில்லை.

தாம்பரத்தில் ஒரு காது மருத்துவரிடம் ஷெர்வின் அழைத்துப் போனான். தபீதாளும் கூட வந்தார். கண்ணாடி வைத்த சின்ன அறைக்குள் அசரியாவை உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். அவர் பள்ளிப் பையன் போல நிமிர்ந்து உட்கார்ந்து அழுத்தினார். பிறகு நெடுநேரம் ஒன்றுமே வரவில்லை. பரிசோதனை முடிந்துவிட்டது போலிருக்கிறது என்று தலையைத் தூக்கினால், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் இன்னும் அவருடைய விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடிக்குரல் சத்தங்களுக்குப் பழுதில்லை, மேல் சுருதிச் சத்தங்கள்தான் போய்விட்டன என்று மருத்துவர் விளக்கினார். ஆள் பேசுவது கேட்கும், ஆனால் எழுத்துக்கள் மழுங்கிக் கேட்கும். போனது திரும்பாது, இருப்பதையாவது காப்பாற்றிக்கொள்ள வேண்டும், காதுக் கருவி வைக்கலாம், அந்த இயந்திரங்களை விட்டு விலகுவது நல்லது. அசரியா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வெளியே வந்ததும் டீ குடிக்கலாம் என்றார். டீக்கடையில் தபீதாள் கிளாஸை வாயில் வைக்காமலே நின்றார்.

“காதுலயே வாங்க மாட்டேங்கிறீங்கன்னு உங்களை எத்தனை தடவை திட்டியிருப்பேன்” என்றார்.

அசரியா அவர் கையிலிருந்த கிளாஸைக் காட்டி, ஆறுகிறது என்று சைகை செய்தார்.

சாலமன் சத்தம் குறைந்த புது வேக்குவம் ஒன்றை வாங்கி வந்தான். கைக்கு அடக்கமாக, லேசாக இருந்தது. முதல் ஃப்ளாட்டில் நன்றாகத்தான் உழைத்தது. இரண்டாவது ஃப்ளாட்டில் சிமென்ட் தூள் அடைத்து, கருகல் வாசனை வந்து, நின்றுபோனது. வீடுகளில் தரை பெருக்கச் செய்த பொருளை இந்த வேலைக்குக் கொண்டுவந்தது தன் தவறுதான் என்று சாலமன் வருத்தப்பட்டான். மறுநாள் ஹோட்டலையும் மில்லையும்தான் வண்டியில் ஏற்றினார்கள். தன் இயந்திரங்கள் ஜெயித்துவிட்டன என்று அசரியாவுக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். அப்படி இல்லை. படியில் தூக்கும்போது அவை முன்னைவிடக் கனமாகத் தெரிந்தன.

நவம்பர் முடிவில் கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சி தொடங்கியது. பாடகர் குழுவை நடத்துகிறவர் ஜெஃப்ரி, பள்ளியில் கணக்கு ஆசிரியர், அசரியாவைவிட வயதில் மிகவும் இளையவர். ஒரு பாட்டில் எல்லாக் குரல்களும் நின்று, பெண்கள் மட்டும் மெல்ல எடுத்த பிறகு பேஸ் சேர வேண்டும். பெண்கள் எடுப்பது அசரியாவுக்குக் கேட்காது. குத்துமதிப்பாக முன்கூட்டியே நுழைந்தார், அந்த மௌனத்தின் நடுவில், முழுக்குரலில். மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் அப்படியே. மற்றவர்கள் கையிலிருந்த தாளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பயிற்சி முடிந்து எல்லாரும் வண்டி எடுக்கும் நேரத்தில் ஜெஃப்ரி அவரைத் தனியாக அழைத்தார். தபீதாளும் கணவரைக் கூப்பிட்டுப் போக வந்து நின்றார்.

“அண்ணா, இந்த வருஷம் நீங்க ரெஸ்ட் எடுங்க” என்றார் ஜெஃப்ரி, தாழ்ந்த குரலில்.

“எடுத்தாச்சு சார். போன மாசமே எடுத்தாச்சு. ரிப்போர்ட் வூட்ல கீது, கொண்டாந்து காட்டுறேன்.”

ஜெஃப்ரி விழித்தார். தபீதாளுக்குத்தான் முதலில் புரிந்தது. தானே சொல்லிவிடலாமா என்று வாயெடுத்து, பிறகு நிறுத்திக்கொண்டார். ஜெஃப்ரி குரலை உயர்த்த வேண்டியதாயிற்று.

“டெஸ்ட் இல்லண்ணா. ரெஸ்ட்.”

வண்டி ஸ்டாண்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.  அசரியா கையிலிருந்த பாட்டுத்தாளை இரண்டு கைகளாலும் நீட்டி, “சரி சார்” என்றார்.

வீட்டுக்கு வந்து ஸ்கூட்டரை நிறுத்தினார். “அவர் கரெக்டாத்தான் சொன்னாரு” என்றார். தபீதாள் பாடகர் அங்கியைத் துவைத்து, இஸ்திரி போட்டு, திங்கட்கிழமை பள்ளிக்குப் போகும் வழியில் கோயிலில் கொடுத்துவிட்டார்.

அந்த வாரமே சாலமன் பேச்சை எடுத்தான். “இனிமே மிஷினை நான் ஓட்டறேன் மச்சான். நீங்க கண்ணாடியப் பாத்துக்கங்க.”

“ஏன், உனக்கு மட்டும் காது இல்லியா?” என்றார் அசரியா.

கடைசியில் ஷெர்வின் இரண்டு ஜோடி மஃப் வாங்கிக் கொடுத்தான். அதைப் போட்டுக்கொண்டு சாலமன் குழாயைப் பிடிக்கிறான். அசரியா கதவைச் சாத்திக்கொண்டு, தானும் மஃப் மாட்டிக்கொண்டு, வேறொரு அறையில் கண்ணாடி துடைக்கிறார். இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டுவது மட்டும் இன்னும் அவர்தான். காதுக் கருவி வந்தது. அதில் பாத்திரம் உருள்வதும் பஸ் ஹாரனும் குத்துகிறது என்று பாதி நாள் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறார். ஒரு வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தையில் பித்தளைக் கொக்கிகள் வைத்த உருண்டை வேக்குவம் ஒன்று கிடந்தது. குனிந்து சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். எழுந்திருக்க முட்டியைப் பிடிக்க வேண்டியிருந்தது. வாங்காமல் வந்துவிட்டார்.

கிறிஸ்துமஸ் விடியற்கால ஆராதனையில் அவர் முதல் தடவையாகத் தபீதாளின் பக்கத்தில், சபையோடு சபையாக உட்கார்ந்தார். பாட்டு தொடங்கியதும் எந்த வரி என்று தபீதாள் விரலால் காட்டினார். அசரியா சின்னக் குரலில் சேர்ந்துகொண்டார். குரல் தன்னை அறியாமல் ஏறியபோது தபீதாள் அவர் கையை மெல்ல அழுத்தினார், அவர் குறைத்துக்கொண்டார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்றாவது பாட்டில் அவர் பாடவில்லை. களைத்துவிட்டார்.

மதியம் மறைமலை நகரில் சுஜி வீட்டில் பிரியாணி. சாப்பிட்டதும் அந்தப் புது ஹாலிலேயே பாய் விரித்துப் படுத்தார். பொழுது சாய்ந்தும் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். டீ ஆறுகிறதே என்று சுஜி எழுப்பப் போனாள்.

“விடு, தூங்கட்டும்” என்றார் தபீதாள். “அப்புறமா சுட வெச்சுக் குடுக்கலாம்.”