நான் அவிழ்க்க வைத்த கயிறு

"பெண் பயணி ஒருவர் தொந்தரவு பற்றி முறையிட்டால், சாரதி வண்டியை வேறெங்கும் நிறுத்தாமல் அருகிலுள்ள பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டு செல்ல வேண்டும்." நல்ல விதிதான். 1985இல் வட்டுக்கோட்டையிலிருந்து யாழ்ப்பாணம் போகும் எங்கள் காலை பஸ்ஸில் அதற்கு ஒரேயொரு குறை இருந்தது. வண்டியைக் கொண்டு போய் நிறுத்த ஒரு பொலிஸ் நிலையம் இல்லை. போர்க்காலம்; இருந்த பொலிசார் மணல் மூட்டைகளுக்குப் பின்னால் தங்களைத்தான் பாதுகாத்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது நான் ஓர் அரச அலுவலகத்தில் பிரதம லிகிதர், எழுத்தர்களுக்குத் தலைவர். நாற்பது வயது, கலியாணமாகாதவன். சுற்றறிக்கைகளை இலக்கத்தோடு சொல்வேன், கேட்கத்தான் ஆளில்லை. எங்கள் தட்டெழுத்தாளர் மட்டும் கேட்பார். அவரும் நான் ஏறும் பஸ் தரிப்பில்தான் ஏறுவார். பெண்களுக்கு முதலில் வழி விடுவார்கள் என்பதால் அவருக்கு இருக்க இடம் கிடைத்துவிடும். நான் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். "பையைத் தாங்கோ சேர்" என்று கை நீட்டுவார். இருப்பவர் நிற்பவரின் பையை மடியில் வாங்கி வைப்பது எங்கள் பஸ்களில் வழக்கம். அதற்கு யாரும் அர்த்தம் கற்பிப்பதில்லை. நான் கற்பித்தேன். யாழ்ப்பாணம் வந்து சேரும்வரை என் பை அவர் மடியில் இருக்கும்.

ஓடிய பஸ்கள் குறைவு. நெரிசலில் சில ஆண்களின் கைகள் தங்கள் இடத்தில் இருக்கவில்லை. ஒருநாள் ஓர் அம்மா சத்தமாக முறையிட்டார். சாரதி திரும்பிப் பார்த்து, "எந்தப் பொலிசுக்கு விடுறது அம்மா? சொல்லுங்கோ, விடுறன்" என்றார். பஸ் முழுதும் சிரித்தது. அந்த அம்மா அடுத்த தரிப்பில் இறங்கிவிட்டார்.

சிரிக்காதவர் நடத்துநர் மட்டும்தான். குருநகர்க் கடற்றொழில் குடும்பத்து ஆள். மறுநாள் படகுக் கயிறு ஒன்றைக் கொண்டு வந்து நடுவழிக்குக் குறுக்காகக் கட்டினார். முன்பாதி பெண்களுக்கு, பின்பாதி ஆண்களுக்கு.

"அண்ணைமார் எல்லாரும் கயிற்றுக்குப் பின்னாலை! பொலிசு வராது, இது கடலிலை கட்டிற முடிச்சு. அவிழ்க்கிறவர் அடுத்த தரிப்பிலை இறங்கவேணும்."

இரண்டு பேரை இறக்கியும் விட்டார். அதன் பிறகு பஸ்ஸில் ஒரு முணுமுணுப்புக்கூட இல்லை. பெண்கள் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தார்கள். நான் பின்பாதியில் என் பையை நானே சுமந்துகொண்டு, முன்பாதியில் தெரிந்த தட்டெழுத்தாளருடைய குடையின் பிடியை மட்டும் பார்த்துக்கொண்டு போனேன்.

எங்கள் ஊரில் மனம் நொந்தவன் செய்வதை நானும் செய்தேன். பஸ் டிப்போவுக்கு ஒரு பெட்டிசம், முறைப்பாட்டு மனு, எழுதினேன். 'நடுவழியில் தடை எதுவும் வைக்கலாகாது' என்ற விதியை மேற்கோள் காட்டி, விபத்து நேர்ந்தால் பயணிகள் வெளியேற முடியாது என்று விளக்கி, சொந்தப் பெயரில் கையொப்பமிட்டேன். பெயரில்லாத பெட்டிசம் கோப்பில் ஏறாது என்பது எனக்குத் தெரியும். என் வாழ்நாளில் உடனடி நடவடிக்கை எடுக்கப்பட்ட ஒரே கடிதம் அதுதான். பத்து நாளில் கயிறு போனது. நடத்துநருக்கும் வேறு பாதைக்கு மாற்றம்.

கடைசி நாள் அவர் கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு என்னருகே வந்தார். "ஐயா, கயிறு உங்களுக்கு எங்கை இடிச்சது?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. நான் சன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

மறுநாள் என் பை மறுபடி அந்த மடிக்குப் போனது. அதை வாங்கும்போதே தட்டெழுத்தாளர் சொன்னார்: "கயிறு இருக்கேக்கை பயமில்லாமல் வந்தன் சேர். பஸ்ஸிலை ஏதும் ஒண்டு எண்டால் வேலையை விடச்சொல்லி அப்பா சொல்லிப்போட்டார்." அது என் காதில் விழுந்தது. ஆனால் பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று கிழமை அப்படிப் போனது. ஒரு காலை, அவருக்குப் பின்னால் நின்ற ஒருவன் தோளில் சாய்ந்து சாய்ந்து வந்தான். அவர் திரும்பி, "கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ" என்றார்.

"பஸ் எண்டால் முட்டும்தான். முட்டக்கூடாதெண்டால் கார் பிடியுங்கோவன்."

நாலு பேர் சிரித்தார்கள். அவர் என்னைப் பார்த்தார். நான் அவனைப் பிடித்துத் தள்ளியிருக்கலாம். இருவருக்கும் நடுவில் போயாவது நின்றிருக்கலாம். நான் செய்தது, சாரதியைக் கூப்பிட்டு விதியைச் சொன்னது. சாரதி திரும்பாமலே, "எந்தப் பொலிசுக்கு ஐயா?" என்றார். பிறகு நான் தட்டெழுத்தாளர் பக்கம் குனிந்து சொன்னேன்: "எழுத்திலை ஒரு முறைப்பாடு தாங்கோ. நான் மேலை அனுப்பிறன்."

அவர் எழுந்தார். "உங்கடை பை, சேர்" என்று என் கையில் தந்தார். ஆனைக்கோட்டையில் இறங்கிவிட்டார்.

அவர் வீடு போய்ச் சேருமுன் கதை போய்ச் சேர்ந்திருந்தது. அந்தக் கிழமையே பதவி விலகல் கடிதம் தபாலில் வந்தது. 'சிபாரிசு செய்யப்படுகிறது' என்று அதன் ஓரத்தில் எழுத வேண்டியவன் நான்தான். எழுதினேன்.

பிறகு டிப்போவுக்கு இரண்டாவது கடிதம் எழுதினேன். முதல் கடிதத்தை மீளப்பெறுகிறேன், கயிற்றைத் திரும்பக் கட்டுங்கள், அந்த நடத்துநரை அனுப்புங்கள் என்று கேட்டேன். மாதம் ஒரு நினைவூட்டல் அனுப்பினேன். அதற்கிடையில் தட்டெழுத்தாளர் கலியாணம் செய்து கனடா போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன்.

கடைசியில் பதில் வந்தது. நான் மேற்கோள் காட்டிய விதி பொதிகளுக்கும் மூட்டைகளுக்கும் மட்டுமே உரியதாம். பயணிகளின் பாதுகாப்புக்காக நடத்துநர் கயிறு கட்ட எந்தத் தடையும் எப்போதும் இருந்ததில்லையாம். எரிபொருள் இல்லாமல் அந்த பஸ்ஸே நின்றுபோயிருந்த நாட்கள் அவை. வெறும் தரிப்பில் நின்று, கையில் பையோடு வாசித்தேன்.

இப்போதும் பஸ்ஸில் யாராவது "பையைத் தாங்கோ ஐயா" என்று கை நீட்டினால் கொடுப்பதில்லை. அது இருக்கவேண்டிய மடி ஒன்றுதான், அதற்குக் காவலாக இருந்த கயிற்றை அவிழ்த்தது என் பேனாதான் என்பதற்குச் சான்றாக அந்தப் பதிலை இன்றும் வைத்திருக்கிறேன், அது என் கைக்கு வந்த நாளும் மூலையில் என் கையெழுத்திலேயே இருக்கிறது: 1987 தை 19.