குடிக்காத தண்ணீர்

மைனியின் தண்ணீர்ப் பாட்டில் பச்சை நிறம். அதன் மூடி எப்போதோ உடைந்துபோய், வேறொரு பாட்டிலின் நீல மூடியைப் போட்டிருந்தாள். காலையில் சீரகம் போட்டுக் காய்ச்சிய தண்ணீரைக் கழுத்து வரை நிரப்பிப் பைக்குள் வைப்பாள். சாயங்காலம் திரும்பி வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் வீட்டுக்குப் பின்னால் போய், அந்தத் தண்ணீரை அப்படியே செம்பருத்தியின் மூட்டில் கவிழ்ப்பாள். குடிக்கப்போவதில்லை என்றால் எதற்குச் சுமக்க வேண்டும் என்று நான் கேட்டதில்லை. என் பாட்டிலும் அப்படித்தான் திரும்பி வந்தது.

எங்கள் பக்கம் அண்ணன் மனைவியை மைனி என்போம். நாங்கள் இருவரும் எங்கள் ஊர் கருங்கலில் பஸ் ஏறி, ஒரு நகரத்தின் பஸ் ஸ்டாண்டுக் கட்டடத்தில் இருந்த ஜெராக்ஸ் கடைக்கு வேலைக்குப் போனோம். அவள் நகல் எடுப்பாள், நான் டைப் அடிப்பேன். மெஷினும் கம்ப்யூட்டரும் வைத்தது போக, நாங்கள் உட்கார இரண்டு ஸ்டூலுக்கு இடம் இருந்தது. எதிரே பெண்கள் கழிப்பறை. பொட்டு வைத்த ஒரு பெண்ணின் படம் சுவரில் இருந்தது, கதவில் துருப்பிடித்த பூட்டு இருந்தது. பக்கத்துச் சுவரைப் பார்த்து ஆண்கள் நின்றுவிட்டுப் போனார்கள். அவர்களுக்குச் சுவர் போதும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் நான் பாட்டிலைத் திறந்தபோது மைனி என் கையைப் பிடித்தாள். "ஏட்டி, இப்பம் குடிச்சா பொறவு எங்க போவதுக்கு?" நான் மூடியைத் திருகிப் பாட்டிலைப் பைக்குள் வைத்தேன். வெயில் ஏற ஏற நாக்கு மேலண்ணத்தில் ஒட்டும். அவள் ஒரு கிராம்பை எடுத்துக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டு வேலையைப் பார்ப்பாள். ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலுக்குப் போய்விட்டு வந்ததும் அடுக்களைப் படியில் உட்கார்ந்து, செம்பு செம்பாகத் தண்ணீர் குடிப்பாள். "நமக்கு தண்ணி குடிக்க உள்ள நாளு இதாக்கும் மக்கா" என்பாள்.

அடக்கவே முடியாமல் போகிற நாளில் எதிர்ச்சாரியில் இருந்த பெரிய துணிக்கடைக்குள் நுழைவாள். மாடியில் சுத்தமான கழிப்பறை உண்டு. ஆனால் அதற்காக மட்டும் போவதற்கு அவளுக்குக் கூச்சம். முதலில் கைக்குட்டைப் பக்கம் நின்று புரட்டிப் பார்த்து, ஒன்றை வாங்கிக்கொண்டு, பிறகு போகிற போக்கில் கேட்பதுபோல மாடிக்கு வழி கேட்பாள். அப்படிச் சேர்ந்த கைக்குட்டைகள் அவள் அலமாரியில் உறை பிரிக்காமல் அடுக்கியிருந்தன. தும்மினால் சேலைத் தலைப்பில்தான் துடைப்பாள்.

ஒரு கோடையில் எதிர்க் கழிப்பறையின் பூட்டை உடைத்துத் திறந்தார்கள். வெள்ளை டைல்ஸ் ஒட்டினார்கள், கல்வெட்டு வைத்தார்கள், நாடா வெட்டினார்கள். மறுநாள் மைனி கடையில் உட்கார்ந்து பாட்டில் முழுவதையும் குடித்துவிட்டு, டீக்கடையில் மறுபடியும் நிரப்பிக்கொண்டு வந்தாள். அந்த முகத்தை நான் கல்யாண போட்டோவில்கூடப் பார்த்ததில்லை. வீட்டில் செம்பருத்தி வாடத் தொடங்கியது. ஆனால் ஆனையை வாங்கியவர்கள் அங்குசத்துக்கு யோசித்தார்கள். அங்கே தண்ணீர் ஏற்றும் மோட்டார் கருகியபோது அதை மாற்ற ஆள் வரவில்லை, பூட்டோடு மட்டும் ஆள் வந்தார். மைனி டைம் ஆபீசில் போய்ச் சாவி கேட்டாள். அங்கே இருந்தவர் தலையை நிமிர்த்தாமல், "சாவி கக்கூஸ ஏலம் எடுத்தவன் கைல இருக்கு, கேட்டியளா. அடுத்த வண்டி புடிச்சா வீட்டுக்கே போயிரலாம்லா" என்றார். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். அவள் திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். செம்பருத்தி மறுபடியும் தழைத்தது.

கல்யாணமானதும் நான் அந்த வேலையை விட்டேன். மைனி விடவில்லை. நீர்க்கடுப்பு வரும், காய்ச்சல் வரும், மாத்திரை போட்டுக்கொண்டு பஸ் ஏறுவாள். கடைசியில் கால் வீங்கியபோது இரண்டு சிறுநீரகமும் சுருங்கிவிட்டன என்றார்கள். இதனால்தான் என்று ஒன்றைக் குறிப்பிட்டுச் சொல்ல முடியாது, தண்ணீர் குடிக்காததும் அடக்கி வைத்ததும் சேர்ந்திருக்கும் என்றார் டாக்டர். டயாலிசிஸ் தொடங்கியது. இனி தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும், தாகம் எடுத்தாலும் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். மைனி அவரைச் சமாதானப்படுத்தினாள். "அது எனக்கு பண்டே பழக்கமாக்கும் டாக்டரே."

மைனியின் அடக்கத்தன்று, எங்கள் வழக்கப்படி பெட்டிக்குள் அவள் கையில் வைக்கக் கைக்குட்டை தேடினார்கள். அலமாரியில் இருந்து நான்தான் ஒன்றை எடுத்து உறை பிரித்தேன். எனக்கு அழுகை வரவில்லை. இப்போதும் வருவதில்லை. அந்த பஸ் ஸ்டாண்டு வழியாகப் போகும்போது ஒரு காலத்தில் கோபம் வந்தது, அதுவும் நின்றுவிட்டது. கல்வெட்டில் சினிமா போஸ்டர் ஒட்டியிருக்கிறது. பூட்டிய கதவில், இந்த இடம் சுத்தமாக இருக்கிறதா என்று போனில் ஸ்கேன் செய்து கருத்துச் சொல்வதற்காக ஒரு கட்டம் போட்ட ஸ்டிக்கர் இருக்கிறது. நான் அதைப் பார்த்துக்கொண்டே பஸ்ஸுக்கு நிற்பேன்.

மைனி போன பிறகு வந்த கோடையில் செம்பருத்தி குச்சியாகிவிட்டது. அதோடு அதன் கதை முடிந்தது என்று நினைத்தேன். இந்தப் பங்குனியில் அண்ணன் வீட்டுக்குப் போனபோது, மழையே இல்லாத நேரத்தில், அது இலை தெரியாமல் பூத்திருந்தது. நீ தண்ணீர் ஊற்றுகிறாயா என்று அண்ணனிடம் கேட்டேன். பின்னால் செடி நிற்பதே அவனுக்கு நினைவில்லை.

சாயங்காலம் மைனியின் மகள் கல்லூரியில் இருந்து வந்தாள். அதே பஸ் ஸ்டாண்டில்தான் அவள் பஸ் மாறி வர வேண்டும். "எப்பம் வந்திய மாமி?" என்று கேட்டபடி, செருப்பைக்கூடக் கழற்றாமல் என்னைத் தாண்டி வீட்டுக்குப் பின்னால் போனாள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பைக்குள் இருந்து பச்சைப் பாட்டிலை எடுத்தாள். நீல மூடியைத் திருகினாள். கழுத்து வரை இருந்த தண்ணீர் செம்பருத்தியின் மூட்டில் விழுந்து முடிய நேரமாயிற்று.