கார் மேல வந்த ஜன்னல்

காரு என்னமோ சின்னதுதான். நாலு பேரு உக்காந்தா கண்ணாடியை இறக்கித்தான் மூச்சு விடணும். ஆனா அந்தக் காருல அந்த மனுஷன் ஏத்திக்கிட்டு வந்தது என்ன தெரியுமா? ஒரு வீடு. முழு வீடு. டைல்ஸு, பைப்பு, கதவு, தண்ணித் தொட்டின்னு பதினோரு வருஷமா ஒண்ணொண்ணா. அதனால தெருவுல அவருக்குப் பேரே 'லாரி'. பஸ் டிப்போவுல டைம்கீப்பர் வேலை. அங்கயும் லாரிதான். "பஸ் டிப்போவுக்குள்ள லாரியை யாருடா விட்டது?"ன்னு டிரைவருங்க தினமும் ஒரே ஜோக்கைச் சொல்லி, தினமும் புதுசா சிரிப்பாங்க.

"கடைக்காரனே வண்டி வச்சு அனுப்புறானே சார், உங்களுக்கு எதுக்கு இந்தப் பாடு?"ன்னு கேட்டா, தொண்டையை ரெண்டு தடவை செருமுவாரு. "அவன் கொண்டாந்து போட்டா அது சரக்கு. நாம கொண்டாந்தாதான் வீடு."

ஒரு தடவை டாய்லெட் பேசின் வாங்கினாரு. பின்சீட்டு முழுக்க பைப்பு. பேசினை முன்சீட்டுல உக்கார வச்சு, சீட் பெல்ட்டும் போட்டுவிட்டாச்சு. சம்சாரம் பின்னாடி, பைப்புக்கு நடுவுல பைப்பா. சிக்னல்ல போலீஸ்காரர் குனிஞ்சு பாத்துட்டு, "முன்னாடி யாருய்யா அது?"ன்னாரு. லாரி வாயைத் திறக்கறதுக்குள்ள பின்னாடியிருந்து அந்தம்மா குரல் வந்துச்சு. "அவரு பெரியவருங்க. அவருக்குத்தான் எப்பவும் முன்சீட்டு."

இதை எத்தனை பேருக்கு எத்தனை தடவை நடிச்சுக் காட்டியிருப்பா அவங்க பொண்ணு! போலீஸ்காரரோட கட்டைக் குரல், அப்பா செருமறது, அம்மாவோட இழுவை, எல்லாம் ஒரே வாயில. பத்தொம்பது வயசு. வீட்டுல அவளுக்குப் பேரு 'ரேடியோ'.

காரு கூரை மேல கட்டுற சரக்குன்னா அதுக்கு ஒரு முறை உண்டு. முதல்ல எல்லாரும் உள்ள ஏறி உக்காந்துடணும். அப்புறம் லாரி கயிறை ஒரு ஜன்னல் வழியா உள்ள விட்டு, மறு ஜன்னல் வழியா வெளிய எடுத்து, சரக்கு மேல போட்டு இறுக்குவாரு. அதுக்கப்புறம் ஒரு கதவும் திறக்காது. அப்ப அவரு எப்படி ஏறுவாரு? ஜன்னல் வழியாத்தான். தலை உள்ள, காலு ரோட்டுல. சம்சாரம் சட்டையைப் புடிச்சு இழுப்பாங்க. "வாங்க, வாங்க. இன்னும் இடுப்பு பாக்கி."

ஆனா அந்தம்மாவுக்குக் கயித்து மேல என்னைக்கும் நம்பிக்கை வந்ததில்ல. "முடிச்சு உங்களுது. கை என்னுது. எனக்கு என் கை போதும்." இடது கையை வெளிய நீட்டி அவங்க பக்கத்து விளிம்பைப் புடிச்சுப்பாங்க. லாரி வலது கையால அவரு பக்கத்து விளிம்பை. கியர் மாத்தணும்னா ஸ்டீரிங்கைப் புடிக்க வெளிய இருக்கற கையை உள்ள எடுத்தாகணும் இல்லையா? அப்பக் கேப்பாரு.

"புடிச்சிக்கிட்டியா?"

"புடிச்சிக்கிட்டேன், நீங்க ரோட்டைப் பாருங்க."

அப்புறம்தான் அவரு கை உள்ள வரும். பதினோரு வருஷத்துல ஒரு டைல்ஸு கீழ விழுந்ததில்ல.

வீட்டுல கடைசியா பாக்கி இருந்தது சமையல்கட்டுக்கு ஒரு ஜன்னல். "சமைக்கிறேனா, ஜெயில்ல இருக்கேனா? தெருவுல யாரு வர்றா, யாரு போறான்னு நான் பாக்க வேணாமா?" அந்தம்மாவே கார்பென்டர்கிட்ட போயி மரம் பாத்து, கண்ணாடி பாத்து, அவரு காதுல சொருகியிருந்த பென்சிலை வாங்கி, சட்டத்து மேல எழுதிட்டு வந்தாங்க. பாத்ரூம் கதவைக் கொத்தனார் தலைகீழா மாட்டின கோவம் இன்னும் ஆறல. அதனால ஒரு அம்புக்குறி போட்டு, 'இது மேல் பக்கம். இதையாவது நேரா வைங்க'ன்னு எழுதினாங்க.

திங்கக்கிழமை கொத்தனார் சுவத்தை உடைச்சு, ஓட்டைக்கு பிளாஸ்டிக் ஷீட்டைக் கட்டிட்டுப் போனாரு. வியாழக்கிழமை அந்தம்மாவுக்குக் காய்ச்சல். தானே நடந்துதான் ஆஸ்பத்திரிக்குள்ள போனாங்க. ரத்தத்துல கிருமி ஏறிடுச்சுன்னு டாக்டருங்க சொன்னாங்க. நாலே நாள். வெளிய வரும்போது நடந்து வரல.

ஒன்றரை மாசமா அந்த ஷீட்டு காத்துல படபடன்னு அடிச்சிக்கிட்டே இருந்துச்சு. யாரும் அதைத் தொடல. ரேடியோவும் ஆஃப். ஒரு குரல் கிடையாது. சாப்பாட்டை வச்சுட்டு, "சாப்பிடுப்பா" அவ்வளவுதான்.

அப்பதான் கார்பென்டர் போன். "சார்... அது வந்து... அம்மாவோட ஜன்னல் ரெடியாகி நாளாச்சு. நானே வேணா வண்டி புடிச்சு..."

"வேணாம். நான் வர்றேன்."

கடையில ஜன்னல் சுவத்துல சாஞ்சு நின்னுச்சு. கண்ணாடியெல்லாம் மாட்டி, துடைச்சு வச்சிருந்தாரு. "பெயின்ட் அடிக்கல சார். எழுத்து இருக்கு, எனக்கு மனசு வரல." லாரி கட்டை விரலை எழுத்துக்குக் கிட்ட கொண்டு போனாரு. தொடல. அழிஞ்சிடுமோன்னு பயம்.

"கண்ணாடியை மட்டும் கழட்டித் தனியாத் தரட்டுமா சார்? ஒரு மணி நேர வேலை."

"வேணாம். அவ பாத்த மாதிரியே முழுசா வரட்டும்."

கூரையில ரெண்டு போர்வை, அதுக்கு மேல ஜன்னல். ரேடியோ முன்சீட்டுல ஏறி உக்காந்து, சொல்லாமலே இடது கையை வெளிய நீட்டினா. லாரி கயிறை விட்டு, இறுக்கி, முடிச்சுப் போட்டு, தலையை ஜன்னலுக்குள்ள நுழைச்சாரு. பாதியில நின்னாரு. இடுப்பு பாக்கி. யாராவது அதைச் சொல்லுவாங்கன்னு காத்திருந்த மாதிரி ஒரு நொடி அப்படியே தொங்கிட்டு, தானே இழுத்துக்கிட்டு உள்ள விழுந்தாரு.

மார்க்கெட் தெரு தாண்டியாச்சு. பெட்ரோல் பங்க் தாண்டியாச்சு. வலது கையில சட்டத்தோட விளிம்பு. இந்த ஒண்ணை மட்டும் பத்திரமா வீட்டுல சேத்துட்டா போதும், இந்த ஜென்மத்துல இனிமே எதையும் சுமக்கலன்னு நினைச்சுக்கிட்டாரு. ஸ்கூலுக்கு முன்னாடி ஸ்பீடு பிரேக்கர் வந்துச்சு. ரெண்டாவது கியர் போடணும். யோசிக்காமலே வாயில வந்துடுச்சு.

"புடிச்சிக்கிட்டியா?"

"புடிச்சிக்கிட்டேன், நீங்க ரோட்டைப் பாருங்க."

அதே குரல். அதே அலுப்பு. 'ரோட்டை'யில வர்ற அதே இழுவை. அந்த ஒரு நொடி, காய்ச்சல் வரல, ஆஸ்பத்திரி இல்ல, ஷீட்டு இல்ல. பதினோரு வருஷப் பழக்கத்துல கை தானா உள்ள வந்துடுச்சு. கியர் மாத்தினாரு. உதட்டுல சிரிப்புகூட வந்துச்சு.

முன்சக்கரம் ஏறி இறங்கினப்போ மேல, கயித்துக்கு அடியிலேருந்து சர்ர்ருன்னு ஒரு சத்தம். அடுத்தது பின்னாடி, ரோட்டுல.

திரும்பிப் பாத்தாரு. ரேடியோவோட கை மடியில இருந்துச்சு. விரலெல்லாம் செவந்து, மரத்துப் போயி.

"ஒரு நிமிஷம்தான்பா எடுத்தேன். கை மரத்துப் போச்சு. நீ கேட்டதும்... அம்மா மாதிரி சொன்னா நீ சிரிப்பன்னு..."

பாவம், அவ அந்தப் பேச்சை ஆயிரம் தடவை கேட்டிருக்கா. எல்லாம் பின்சீட்டுல பைப்பைக் கட்டிப்புடிச்சுக்கிட்டு கேட்டது. அங்கேருந்து பாத்தா அப்பாவோட கை எப்ப உள்ள வருதுன்னு தெரியாது. புருஷனும் பொண்டாட்டியும் சும்மா பேசிக்கிறதுன்னு நினைச்சிருந்தா.

ஜன்னல் வழியா ரெண்டு பேரும் ரோட்டுல இறங்கினாங்க. கண்ணாடி உப்பு கொட்டின மாதிரி கிடந்துச்சு. சட்டம் மூலையில பிரிஞ்சு நாலு கட்டையாயிடுச்சு. மேல் கட்டை குப்புற தேய்ச்சிக்கிட்டுப் போயிருந்துச்சு. லாரி அதைத் திருப்பினாரு. மரம் சிராய்ச்சு வெள்ளையா இருந்துச்சு. எழுத்து இல்ல.

"இவ்ளோ பெரிய ஜன்னலைக் கார் மேலயா கட்டுவாங்க?"ன்னு ஒருத்தர். "செருப்பில்லாம வராதீங்க"ன்னு இன்னொருத்தர். டிப்போ பஸ் ஒண்ணு மெதுவாக் கடந்துச்சு. டிரைவர் தலையை நீட்டி, "என்ன லாரி, லோடு இறக்கியாச்சா?"ன்னு கத்தினாரு. அப்புறம்தான் அவரு மூஞ்சியைப் பாத்தாரு. பஸ் ஹார்ன் அடிக்காம போயிடுச்சு.

"திட்டுப்பா. ஏதாவது சொல்லு." ரேடியோ அழுதா.

லாரி கட்டையைப் புடிச்சபடி கேட்டாரு. "இன்னொரு தடவை சொல்லும்மா."

"என்னதுப்பா?"

"அதே மாதிரி. ரோட்டைப் பாருங்கன்னு."

அவ மூக்கைத் துடைச்சுக்கிட்டு வாயைத் திறந்தா. போலீஸ்காரர், கார்பென்டர், டிப்போ டிரைவருங்க, யாரு குரலும் வர்ற வாய். "புடிச்சிக்கி..." வந்தது அழுது தொண்டை கட்டிப்போன அவளோட குரல்தான்.

"வரலப்பா."

"சரி. விடு."

கயிறை அவுத்தாரு. நாலு கட்டையையும் உள்ள நீளவாக்குல வச்சாரு, பின்கண்ணாடியிலேருந்து முன்சீட்டு இடுக்கு வரைக்கும். ரெண்டாவது கியர்லயே வண்டியைக் கிளப்பிட்டு, கியர் போடற இடது கையை மேல் கட்டை மேல வச்சுக்கிட்டாரு. அந்தப் பக்கம் ரேடியோ.

ஸ்கூல் தாண்டினதும் முன்னாடி ரோடு காலி. இன்ஜின் கத்த ஆரம்பிச்சுது. பின்னாடி வண்டிங்க ஹார்ன் மேல ஹார்ன்.

"ப்பா, கியர் மாத்துப்பா. நான் புடிச்சிருக்கேன். இங்க பாரு, ரெண்டு கையாலயும்."

பாத்தாரு. ரெண்டு கையாலயும்தான் புடிச்சிருந்தா, நகம் வெளுக்கற அளவுக்கு. தலையை ஆட்டினாரு. கையை மட்டும் எடுக்கல. வீடு வர்ற வரைக்கும் ரெண்டாவது கியர்லயேதான் ஓட்டினாரு.