அக்காவின் விண்ணப்பமும் என் எஸ்ஸும்

என் மகளின் ஆங்கில நோட்டில் ஒரு வினைச்சொல்லைச் சுற்றி டீச்சர் சிவப்பு வட்டம் போட்டிருந்தார். பார்த்ததுமே தாராவியில், அறுபதுகளில் நாங்கள் இருந்த, தோல் வாடை நீங்காத ஒற்றை அறைக்கு மனம் ஓடிவிட்டது.

எஸ்எஸ்சி பள்ளியிறுதித் தேர்வு முடித்த அக்கா, பம்பாயின் ஃபோர்ட் பகுதியில் ஒரு கம்பெனிக்கு வேலை கேட்டு எழுதிய ஆங்கிலக் கடிதத்தை மை காய டிரங்குப் பெட்டிமேல் வைத்துவிட்டுக் குழாயடிக்குப் போயிருந்தாள். எழுவாய் ஒருமை என்றால் வினைக்கு எஸ் சேர்க்க வேண்டும் என்று அன்றுதான் பள்ளியில் படித்திருந்தேன். சும்மா இருப்பேனா? அக்கா ஒருத்திதானே! 'ஐ' வந்த இடமெல்லாம் வினைக்கு எஸ் ஒட்டினேன்.

மறுவாரம் எங்கள் டீச்சர் 'ஐ'க்கு எஸ் கிடையாது என்றார். ஒருத்தி எப்படி ஒருமை இல்லாமல் போவாள்? குழம்பிப்போனேன். கடிதம் அதற்குள் கம்பெனிக்குப் போயிருக்கும் என்று நினைத்து, எஸ் போட்டதை அக்காவிடம் மறைத்துவிட்டேன். கம்பெனியிலிருந்து பதில் வரவில்லை. தை மாதம் அக்கா கல்யாணமாகி எங்கள் சொந்த ஊருக்கே போய்விட்டாள்.

இப்போது எங்கள் வீட்டுக்கு வந்திருக்கும் அவளிடம் இன்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"ஏட்டி, அத நான் போஸ்ட்டே பண்ணலயே," என்றாள் அக்கா. "நீ எஸ் போட்டிருந்தத பாத்தேன். சரியா தப்பான்னு எனக்கே தெரியல. சின்னப்பிள்ளட்ட போய்க் கேக்க வெக்கமா இருந்துச்சி."

கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.