ஓடையில் கொட்டிய மண்

என் அக்கா மழையால் செத்தாள் என்று கோர்ட்டில் தீர்ப்பு வந்தது. நான் சேர்வராயன் மலையில் பிறந்தவள். ஐப்பசி மழையைப் பற்றி எனக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. அக்காவைக் கொன்றது மண். அந்த மண் தானாக அங்கே போய்ச் சேரவில்லை. கொட்டினார்கள்.

எங்களுடையது செம்மநத்தம் போகிற வழியில் உள்ள ஒரு சின்ன ஊர். எண்பதுகளில் ஏற்காட்டுக்கு வெளியூர்க்காரர்கள் கூட்டம் கூட்டமாக வர ஆரம்பித்தார்கள். ஊருக்கு மேலே இருந்த எஸ்டேட்டின் முதலாளி சேலத்தில் இருந்தார். காப்பியைவிட ரூம் வாடகையில் லாபம் அதிகம் என்று அவருக்குத் தெரிந்துபோனது. லாட்ஜ் கட்டுவதற்கு மேட்டைச் சமமாக்க வேண்டும். புல்டோசர் ஏறி வந்தது. சீவிய மண்ணை லாரியில் ஏற்றி வேறு எங்காவது கொண்டுபோகலாம், செலவாகும். பக்கத்திலேயே ஓடை தொடங்குகிற பள்ளம் இருந்தது. அதில் தள்ளிவிட்டார்கள். ஒரு கோடை முழுக்கத் தள்ளினார்கள். பள்ளத்தில் நின்ற சில்வர் ஓக் மரங்கள் பாதி உயரத்துக்கு மண்ணில் புதைந்துபோயின.

அந்த ஓடை இறங்கி வருகிற இடத்தில் அக்கா வீடு. அக்காவும் மாமாவும் கொஞ்சம் காப்பி, கொஞ்சம் ஆரஞ்சு, கொஞ்சம் சாமை வைத்துப் பிழைத்தவர்கள். பிள்ளை இல்லை. நான் ஊர்ப் பால்வாடியில் டீச்சர். என் வீட்டிலிருந்து கூப்பிட்டால் அக்காவுக்குக் கேட்கும். எனக்குப் படிக்க எழுதத் தெரியும் என்பதால் மாமா என்னையும் அழைத்துக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினார். வனத்துறையில் அது பட்டா நிலம் என்றார்கள். பஞ்சாயத்தில், ஓடை எங்கள் பொறுப்பு இல்லை என்றார்கள். தாலுகா ஆபீசில் மட்டும் ஒருவர் உட்காரச் சொன்னார்.

“மண்ணு ஓடைக்குள்ள கெடக்குதா, ஓரத்துல கெடக்குதா? மொதல்ல அதைச் சொல்லுங்க. உள்ளன்னா புறம்போக்கு. ஓரம்னா பட்டா. ரெண்டுக்கும் வேற வேற செக்சன்.”

“பாதி உள்ள, பாதி ஓரமுங்க,” என்றார் மாமா. “மண்ணுக்கு வெவரம் பத்தலீங்க. எந்த செக்சன்ல விழோணும்னு இங்க வந்து கேட்டுட்டு விழுந்திருக்கலாம்.”

ஆபீசே சிரித்தது. அந்த ஆளும் சிரித்தார். நேரில் வந்து பார்க்கிறேன் என்றார். வரவில்லை. அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்த வருட ஐப்பசியில் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. ஒரு நாள் காலையில் அக்கா சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, வெறும் குடத்தோடு என் வாசலில் வந்து நின்றாள்.

“ஏன்டி, மழை இந்த ஊத்து ஊத்துது, ஓடையில தண்ணியில்ல. கல்லெல்லாம் தெரியுது. மொதலாளி தண்ணியையும் பூட்டு போட்டு வெச்சுட்டானா?”

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். இவ்வளவு மழையில் ஓடை வற்றுகிறது என்றால், மேலே மண்ணுக்குப் பின்னால் தண்ணீர் தேங்கி நிற்கிறது. அதை அவளிடம் சொன்னேன். என் வீட்டிலேயே இரு என்றேன்.

“மாடு கன்னு போடற நேரம். அதை உட்டுட்டு நான் எங்க வர்றது? நீ போயி அந்த ரைட்டர்கிட்டச் சொல்லு. நீ சொன்னாக் கேப்பான்.”

ரைட்டர் என்பவர் எஸ்டேட்டில் ஆட்களை வைத்து வேலை வாங்குகிறவர். முதலாளி இல்லாதபோது மேலே எல்லாம் அவர்தான். நான் ஏறிப் போனபோது பங்களா வராந்தாவில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“ஓடை நின்னு போச்சுங்க. மண்ணுக்குப் பின்னால தண்ணி கட்டி நிக்குதுங்க. ஆளுகளை உட்டு ஓரமா வெட்டி உடச் சொல்லுங்க.”

“மழை உடட்டும் டீச்சர். இந்த மழையில எவன் மம்முட்டி புடிப்பான்?”

“கீழ ஊடு இருக்குதுங்க.”

“ஊடு நொம்ப நாளா அங்கதான் இருக்குது. இன்னிக்குத்தான் பயம் வந்துச்சா? நனைஞ்சு வந்திருக்கறீங்க, ஒரு டீ குடிச்சிட்டுப் போங்க.”

நான் குடிக்கவில்லை. பாதி வழி இறங்கும்போது, லாரியிலிருந்து கல் கொட்டுவது போல ஒரு சத்தம் மேலேயிருந்து கிளம்பிக் கீழே போனது. நான் ஓடினேன். அக்கா வீடு இருந்த இடத்தில் செம்மண் சேறும், வேர் மேலாகக் கிடந்த ஆரஞ்சு மரங்களும்தான் இருந்தன. மாமா மஞ்சக்குட்டை ஊருக்குப் போயிருந்தார். ஜீப்பில் வந்து சேர்ந்தார். யார் கையிலோ இருந்த மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டு சேற்றில் இறங்கினார். மறுநாள்தான் அக்கா கிடைத்தாள். கையில் மாட்டுக்கயிறு இருந்தது. அவிழ்த்துவிடப் போயிருக்கிறாள்.

எங்கள் ஊரில் ஒரு பழக்கம் உண்டு. மலையில் மண் சரிந்தோ மரம் விழுந்தோ ஆள் செத்தால், காரியம் முடிந்த பிறகு அந்த வீட்டுக்காரர் ஈரத்துணியோடு சேர்வராயன் சாமி இருக்கிற திக்கைப் பார்த்து விழுவார். “தப்பு எங்க மேலதான் சாமி, பொறுத்துக்க” என்று ஊர் கேட்கச் சொல்வார். யார் தப்பு என்ற விசாரணையெல்லாம் அதில் கிடையாது. குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலும் இதையேதான் சொல்வோம். இதைச் சொல்லாமல் அந்த இடத்தில் மறுபடி மண்வெட்டி வைக்க மாட்டார்கள். மாமாவும் விழுந்து சொன்னார். அந்தப் பூசைக்கு எஸ்டேட்டிலிருந்து ரைட்டரே கிடா கொண்டுவந்திருந்தார். துக்கத்துக்கு வந்திருக்கிறார் என்று ஊர் அவரைக் கும்பிட்டது. அவர் முன்வரிசையில் நின்று எல்லாவற்றையும் காது கொடுத்துக் கேட்டார்.

கவனக்குறைவால் உயிர் போனது என்று முதலாளி மீதும் ரைட்டர் மீதும் போலீஸ் கேஸ் போட்டிருந்தது. சேலம் கோர்ட்டுக்கு பஸ் ஏறி ஏறியே வருடங்கள் போயின. அன்று காலையில் நான் வரவே இல்லை என்று ரைட்டர் சாதித்தார். நான் வந்ததைப் பார்த்த சாட்சி யாரும் இல்லை. அப்புறம் மாமாவைக் கூண்டில் ஏற்றினார்கள். முதலாளியின் வக்கீல் மரியாதையாகத்தான் ஆரம்பித்தார்.

“மண்ணு சரிஞ்ச பின்னாடி ஊர்ல பூசை போட்டீங்களா?”

“போட்டமுங்க.”

“தப்பு எங்க மேலதான்னு சாமிகிட்டச் சொன்னீங்களா?”

“சொன்னனுங்க.”

“அப்ப தப்பு உங்க மேல.”

“அது சாமிகிட்டச் சொன்னதுங்க. உங்ககிட்டச் சொன்னதில்லீங்க.”

கோர்ட்டிலும் சிரித்தார்கள்.

“அப்ப சாமிகிட்டப் பொய் சொன்னீங்களா?”

மாமா கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டார். “சாமிகிட்ட யாராச்சும் பொய் சொல்லுவாங்களா?” என்றார்.

அவ்வளவுதான். அளவுக்கு மீறிய மழை, மனிதக் கைக்கு அப்பாற்பட்டது, ஊர்க்காரர்களே அதைச் சாமி குற்றம் என்றுதான் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தீர்ப்பு. இருவரும் விடுதலை. வெளியே வந்ததும் மாமா அரசு வக்கீலிடம் ஒன்றே ஒன்று கேட்டார். “அவங்க போகட்டுமுங்க. பாதி மண்ணு இன்னும் மேலயே நிக்குதுங்களே, கீழ ஊடுக இருக்குதுங்களே. அதையாச்சும் எடுக்கச் சொல்லுவாங்களா?”

“அது இந்தக் கேஸ்ல வராதுங்க. கலெக்டருக்கு மனுப் போடுங்க.”

மனுப் போட்டோம். அடுத்த மழைக்காலம் நெருங்கியது. மேலிருந்த மண்ணில் புல் முளைத்துப் பார்க்க அழகாக இருந்தது. மாமா ஒரு நாள் யாரிடமும் சொல்லாமல் மண்வெட்டியையும் காப்பிக் கூடையையும் எடுத்துக்கொண்டு ஏறி, மண்ணை வெட்டி ஓடைக்கு அப்பால் தள்ள ஆரம்பித்தார். பின்னால் நான் போனேன். பிறகு ஓடையோரத்து வீட்டுக்காரர்கள் எல்லாரும் வந்தார்கள்.

மத்தியானத்துக்குள் போலீஸ் ஜீப் வந்துவிட்டது. இத்தனை வருடம் எந்த ஆபீசிலிருந்தும் யாரும் ஏறி வராத மலைக்கு, சட்டம் அன்று சோறு உண்ணும் நேரத்துக்குள் வந்து சேர்ந்தது. எஸ்டேட்டுக்குள் அத்துமீறினோம், மண்ணைத் திருடினோம் என்று புகார்.

“ஏனுங்க, இது யாரு மண்ணுங்க?” என்று கேட்டார் மாமா.

“எஸ்டேட் மண்ணுய்யா. தெரியாத மாதிரி கேக்கற?”

மாமா கூடையைக் கீழே வைத்தார். “அதை ஒரு கடுதாசியில எழுதிக் குடுத்துருங்க சார். இத்தனை வருசமா நாங்க அதைத்தான் கேட்டுட்டு இருக்கறமுங்க.”

இந்த முறை சிரித்தது நாங்கள். வந்த போலீஸ்காரருக்கு என்ன புரிந்ததோ, எழுதித் தரவில்லை. மாமாவை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய், பொழுது சாயும்வரை ஸ்டேஷனில் உட்கார வைத்து அனுப்பினார்கள். இனி மேலே கால் வைத்தால் உள்ளே தள்ளுவோம் என்றார்கள். நாங்கள் அள்ளியது கொஞ்சம். மிச்சம் இன்னும் அப்படியே இருக்கிறது. அதற்கு மேலே, சமமாக்கிய மேட்டில் லாட்ஜ் நிற்கிறது. அதன் பால்கனியிலிருந்து பார்த்தால் ஓடை நன்றாகத் தெரியுமாம்.

வைகாசியில் சேர்வராயன் திருவிழாவுக்கு மாமா எப்போதும் போல நடந்தே வந்தார். கூட்டம் விழுந்து எப்போதும் சொல்வதைச் சொன்னபோது அவர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“சொல்லுங்க மாமா,” என்று நான் மெல்ல இடித்தேன்.

யார் யார் நிற்கிறார்கள் என்று அவர் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். “சொன்னா எழுதிக்குவாங்க கண்ணு,” என்றார்.

சாகும்வரை அவர் அதைச் சொல்லவில்லை. விழுந்து கும்பிடவும் இல்லை. அக்காவை இழந்த மனிதனுக்குச் சாமியிடம் பேச இருந்த ஒரே பேச்சு அது. அதையும் பிடுங்கிக்கொண்டார்கள். இதற்கு எந்த ஆபீசில் மனுப் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

மழை பிடித்தால் நான் காலையில் முதலில் ஓடைக்குப் போகிறேன். தண்ணீர் ஓடினால்தான் வந்து பால்வாடியைத் திறக்கிறேன்.