‘ஆள் இல்லை’ என்று பதிவான ஷெட்டுகள்

விருதுநகரில் ஒரு அலுவலகத்தின் வரைபடப் பிரிவில் எனக்குக் கணினி வேலை. இணையத்தில் படிவம் நிரப்பும் பழக்கம் எங்களுக்கு அப்போதுதான் வந்திருந்தது. ஒவ்வொரு வரைபடத்துக்கும் ஒரு படிவம் உண்டு. மெட்டாடேட்டா என்பார்கள். இதை யார் எடுத்தது, எப்போது எடுத்தது, எதற்கு உதவும், எதற்கு உதவாது என்றெல்லாம் கேட்கும். பாதியில் இணைப்பு அறுந்தால் மறுபடி முதலிலிருந்து வர வேண்டும். அதைத் திட்டாமல் நான் வீட்டுக்குப் போன நாள் குறைவு.

ஒருநாள் தாயில்பட்டிப் பக்கத்துப் பட்டாசு ஷெட்டுகளின் வரைபடம் வந்தது. விபத்து என்றால் தீயணைப்பு வண்டி எந்த ஷெட்டுக்கு முதலில் ஓட வேண்டும் என்று முடிவு செய்ய அதைக் கேட்டிருந்தார்கள். திறந்து பார்த்தால் எல்லா ஷெட்டுக்கும் நேராக ‘ஆள் இல்லை’ என்றிருந்தது. அதில் ஒன்றில்தான் என் அக்கா பட்டாசுக்குள் வெடிமருந்து செலுத்துகிறாள்.

அளக்கப் போனவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. மருந்து புழங்கும் இடத்துக்குள் பேட்டரிக் கருவி எதையும் விடமாட்டார்கள். அதனால் தீபாவளி முடிந்து கம்பெனிகள் பூட்டிக் கிடந்த நாளாகப் பார்த்துப் போயிருக்கிறார்கள். கண்ணில் பட்டதைப் பதிந்துவிட்டார்கள். பூட்டிய ஷெட்டில் ஆள் எங்கே இருக்கும்?

அதிகாரியிடம் போனேன்.

“சார், சீசன்ல போய்ப் பாருங்க, அங்கன நிக்க இடம் இருக்காது. ‘ஆள் உண்டு’ன்னு மாத்திரவா?”

“பாக்காததை எப்படிம்மா மாத்துறது? கட்டாயம்னு ஸ்டார் போட்ட கட்டத்தை மட்டும் நிரப்பி அனுப்பிருங்க.”

எதற்கு உதவாது என்று கேட்கும் கட்டத்துக்கு ஸ்டார் கிடையாது. யாரும் அதைத் தொடுவதும் கிடையாது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து தட்டினேன்: ‘கம்பெனிகள் மூடியிருந்தபோது எடுத்தது. வேலை நடக்கும் மாதங்களில் இந்த ஷெட்டுகளில் ஆட்கள் இருப்பார்கள். காலி என்று நம்பி வண்டியை வேறு பக்கம் அனுப்பக் கூடாது.’ தொடர்புக்கு என் மேஜை எண்ணைக் கொடுத்தேன். அன்றைக்கென்று இணைப்பு அறுபடவில்லை. அதிகாரி படித்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார், அழிக்கச் சொல்லவில்லை.

சில வாரம் கழித்துத் தீயணைப்பு நிலையத்திலிருந்து ஒருவர் பேசினார்.

“படத்துல ஆள் இல்லேன்னு இருக்கு. கீழ ஆள் இருக்கும்னு எழுதியிருக்கீக. எதை நம்பட்டும்?”

“எழுதினதை நம்புங்க சார்.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“எங்க அக்கா இந்நேரம் அங்கனதான் இருக்கா.”



“இருங்கம்மா, பேனா எடுத்துக்கிறேன். எந்த ஷெட்டு, பாதை எந்தப் பக்கம்னு சொல்லுங்க” என்றார்.